தீப்பந்தம் ஏந்திய கழகம்

"அந்தப் பையன் எந்தத் தெரு?"

பள்ளிக் கால்பந்துக் குழுவுக்குப் பதினொருவரைத் தேர்ந்தெடுக்க அமர்ந்திருந்த அறையில், சென்ற ஆண்டு நம் காதில் விழுந்த கேள்வி இது. கேட்டவர் படித்தவர். பண்பாளர் என்று பெயரெடுத்தவர். எப்படி ஆடுகிறான் என்று அவர் கேட்கவில்லை. எத்தனை கோல் அடித்தான் என்றும் கேட்கவில்லை. எந்தத் தெரு என்றே கேட்டார். கடலோரக் குப்பத்துப் பையன் என்று விடை வந்தது. அதற்குமேல் அவர் ஒரு சொல்லும் பேசவில்லை. பட்டியலில் அவன் பெயரின் மேல் ஒரு கோடு விழுந்தது, அவ்வளவுதான்.

அந்த அறையில் நாமும் இருந்தோம். மேடையில் சமத்துவம் பேசுகிற வாய், அன்று திறக்கவில்லை. வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறோம். அந்த வெட்கமே நம்மை ஒரு வரலாற்றைத் தேடிப் படிக்க வைத்தது. பெயரின் மேல் விழுந்த ஒரு கோட்டிலிருந்து பிறந்த கழகத்தின் வரலாறு அது. நூறாண்டைக் கடந்தும் வாழும் அந்தக் கழகத்தின் பெயர் ஈஸ்ட் பெங்கால். கீழை வங்கம் என்று பொருள்.

வங்கத்துக் கதை புதுவைக்கு எதற்கு என்று கேட்கும் தோழர்கள் இருக்கலாம். கல்கத்தாவுக்கு வடக்கே ஊக்ளி ஆற்றங்கரையில் உள்ள சந்திரநாகூர், நம்மூரைப் போலவே பிரெஞ்சுக் கொடியின் கீழ் இருந்த ஊர். புதுவையில் வீற்றிருந்த ஆளுநருக்கு அடங்கிய ஊர். 1950இல் அது பிரெஞ்சுப் பிடியிலிருந்து விலகியது. 1954 நவம்பர் 1இல் நாமும் விலகினோம். ஒரே நுகத்தடியில் பூட்டப்பட்டிருந்த இரு ஊர்கள்! ஒன்றன் அண்டைவீட்டுச் செய்தியை மற்றொன்று அறியாதிருப்பது அழகாகுமா?

கல்கத்தாவில் கால்பந்து வேரூன்றிய நாள்களிலேயே சாதியும் அந்தப் பந்தைத் தொட்டுப் பார்த்தது. 1880களில் நாகேந்திர பிரசாத் சர்வாதிகாரி என்னும் இளைஞர் அங்கே பல கழகங்களை நிறுவி வந்தார். குயவர் குடியில் பிறந்த மணிதாஸ் என்னும் ஆட்டக்காரரை அவர் தம் கழகத்தில் சேர்க்க முனைந்தபோது, மேட்டுக்குடி உறுப்பினர்கள் முகம் சுளித்தார்கள். குயவன் மகனோடு நாங்கள் ஆடுவதா என்றார்கள். சர்வாதிகாரி என்ன செய்தார்? மணிதாசை விட்டாரா? இல்லை, கழகத்தையே கலைத்தார்! பிறகு சோவாபசார் கழகத்தைத் தொடங்கி, அதில் மணிதாசைச் சேர்த்துக்கொண்டார். அந்தச் சோவாபசார்தான் 1892இல் டிரேட்ஸ் கோப்பைப் போட்டியில் கிழக்கு சரே என்னும் வெள்ளையர் படைப்பிரிவை 2–1 என வென்றது. மண்ணைப் பிசைந்தவரின் மகனை மதிக்கத் தெரிந்த கழகமே வெள்ளையனை மண்ணைக் கவ்வ வைத்தது.

1889இல் தோன்றிய மோகன்பாகான் கழகம் 1911 ஜூலை 29இல், கிழக்கு யார்க்ஷயர் படைப்பிரிவை 2–1 என வீழ்த்தி ஐ.எஃப்.ஏ. கேடயத்தைக் கைப்பற்றியது. அந்தப் பதினொருவரில் காலணி அணிந்து ஆடியவர் ஒருவரே, ஏனையோர் வெறுங்காலினர். ஆள வந்தவனை ஆடுகளத்தில் வெல்லலாம் என்று அந்த நாள் நாட்டுக்குச் சொன்னது. நாம் அதைப் போற்றுகிறோம். ஆனால் அயலானை வென்றவர்கள் தமக்குள் இருந்த அயன்மையை வென்றார்களா?

அதற்கு விடை 1920 ஜூலை 28இல் கிடைத்தது. அன்று கூச்பிகார் கோப்பைக்காக ஜோராபகான் கழகமும் மோகன்பாகானும் மோதின. ஜோராபகானின் தடுப்பாட்டக்காரர் சைலேஷ் போஸ், ஆட்டம் தொடங்குமுன் குழுவிலிருந்து நீக்கப்பட்டார். காரணம் யாரும் கூறவில்லை. கூறாமலே எல்லாருக்கும் விளங்கியது. அவர் கீழை வங்கத்துக்காரர். ஆற்றுக்கு அப்பாலிருந்து வந்தவர். அவர் பேச்சு வேறு, உணவு வேறு, நடை வேறு. நகரத்து மேலை வங்கத்தார் அத்தகையோரை 'பாங்கால்' என்று அழைப்பார்கள். பட்டிக்காட்டான் என்னும் ஏளனம் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கியிருந்தது.

ஜோராபகானின் துணைத்தலைவர் சுரேஷ் சந்திர சவுத்திரி, அவரும் கீழை வங்கத்தவரே, போசைச் சேர்க்குமாறு வாதாடினார். கழகம் இணங்கவில்லை. அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியேறினார். நான்கே நாளில், 1920 ஆகஸ்டு 1இல், புதிய கழகம் உருவாயிற்று. ராஜா மன்மத நாத் சவுத்திரி, ரமேஷ் சந்திர சென், அரவிந்த கோஷ் முதலியோர் உடன் நின்றனர். பெயரைக் கண்டு புதுவை வாசகர் மயங்க வேண்டா. 1910இலேயே நம்மூருக்கு வந்து தங்கிவிட்ட அரவிந்தர் வேறு, இவர் வேறு. கழகத்துக்கு என்ன பெயர் சூட்டினார்கள்? கடவுள் பெயரா? அரசர் பெயரா? எந்த மண்ணின் பெயரால் இகழப்பட்டார்களோ, அந்த மண்ணின் பெயரையே சூட்டினார்கள். வசைச்சொல்லையே வாகைப்பூவாக்கிக் கொண்டார்கள்!

ஒன்றை மறைக்கக் கூடாது. இதை நிறுவியவர்கள் நிலக்கிழார்களும் செல்வர்களும். உழுதவனும் நெய்தவனும் கூடிக் கட்டிய கழகம் அன்று அது. ஏழைக்கு இழிவு நேரும்போது வாய்மூடிக் கிடக்கும் செல்வம், தனக்கு இழிவு நேர்ந்தால் துள்ளி எழுவது உலகியல்பு. ஆயினும் விதைத்தவன் எண்ணத்தை மீறி மரம் வளர்வதும் உண்டு. இந்த மரம் அப்படித்தான் வளர்ந்தது.

வளரும் வழியில் முட்கள் இருந்தன. 1924இல் இரண்டாம் பிரிவில் முன்னணியில் நின்ற ஈஸ்ட் பெங்கால், முதற்பிரிவின் கதவைத் தட்டியது. அங்கே ஒரு விதி குறுக்கே நின்றது. முதற்பிரிவில் இந்தியக் கழகங்கள் இரண்டுக்கு மேல் இருத்தலாகாது என்பதே அது. விதியைத் தளர்த்த வெள்ளையர் கழகங்கள் ஒப்பிய பின்னும், உள்ளே இடம்பிடித்திருந்த இந்தியக் கழகங்கள் இரண்டும் எதிர்த்தன என்று கழக வரலாறு கூறுகிறது. எண்ணிப் பாருங்கள், இளைஞர்களே! ஏணியில் ஏறியவன் ஏணியை எட்டி உதைக்கும் காட்சி நமக்குப் புதிதா? இறுதியில் விதி வீழ்ந்தது, கதவு திறந்தது. 1925 மே 28இல் முதற்பிரிவு லீக்கில் மோகன்பாகானை முதன்முறை சந்தித்த ஈஸ்ட் பெங்கால், நேபாள் சக்கரவர்த்தி அடித்த ஒரே கோலால் வென்றது.

1928இல் மீண்டும் இரண்டாம் பிரிவுக்குத் தள்ளப்பட்டது. 1930இல் அப்பிரிவில் முன்னணியில் நின்று, மேலே ஏறும் தறுவாயில் இருந்தபோது, சட்டமறுப்புக் கிளர்ச்சியின் சூழலில் லீக் இடையிலேயே நிறுத்தப்பட்டது. உழைத்த உழைப்பு வீணாயிற்று. கழகத்தார் சினந்தெழுந்து, கையில் தீப்பந்தம் ஏந்தி ஊர்வலம் சென்றனர். அந்தப் பந்தமே பின்னர்க் கழகச் சின்னமாயிற்று. இன்றும் அவர்களுடைய சிவப்பும் பொன்னிறமுமான சட்டையில் அது எரிகிறது. 1932இல் முதற்பிரிவுக்குத் திரும்பினர். 1942இல் முதன்முறை கல்கத்தா லீக்கையும், பஞ்சம் வங்கத்தை விழுங்கிய 1943இல் முதன்முறை ஐ.எஃப்.ஏ. கேடயத்தையும் வென்றனர்.

அடுத்து வந்தது 1947. நாடு இரண்டாயிற்று. கழகம் பெயராகத் தாங்கிய மண்ணே வேற்று நாடாகிவிட்டது! வீடும் வயலும் விட்டு, கைக்கு எட்டியதைச் சுருட்டிக்கொண்டு வந்தோர் கல்கத்தாவின் தொடர்வண்டி நிலையங்களிலும் நடைபாதைகளிலும் விழுந்து கிடந்தனர். நகரைச் சுற்றிக் குடிசைக் குடியிருப்புகள் முளைத்தன. ஊர் போயிற்று, தொழில் போயிற்று, உறவு சிதறிற்று. ஊரின் பெயர் மட்டும் ஓரிடத்தில் எஞ்சியிருந்தது. அது கால்பந்துக் கழகத்தின் பெயர்ப்பலகை. சனிக்கிழமை மாலை இரண்டு மணி நேரம், அந்தப் பெயரை உரக்கக் கூவலாம். யாரும் ஏளனம் செய்ய முடியாது. அகதிக்கு அந்தக் கழகம் விளையாட்டாக இருக்கவில்லை, முகவரியாக இருந்தது.

இங்கேதான் நம் கட்டுரையின் உயிர் இருக்கிறது. தீயைப் பற்ற வைப்பது எளிது. அந்தத் தீ அடுத்தவன் கூரையைச் சுடாமல் காப்பதே அரிது. ஒதுக்கப்பட்டவர்கள் கூடிக் கட்டிய கழகம், அதிகாரம் கைக்கு வந்தபின் என்ன செய்தது? எங்கள் மண்ணில் பிறந்தவனுக்கே எங்கள் சட்டை என்று கதவைச் சாத்தியதா? 1946இல் கல்கத்தாத் தெருக்களில் மதவெறி குருதி சிந்தியிருந்தது. மதத்தின் பெயரால் துரத்தப்பட்டவர்களே அந்தக் கழகத்தின் பின்னால் திரண்டிருந்தார்கள். வெறுப்பை விற்க வேண்டுமென்றால் அதைவிட நல்ல சந்தை கிடைக்குமா?

ஆனால் 1949இல் அந்தக் கழகத்தின் முன்வரிசையில் நின்ற ஐவர் யார்? வெங்கடேஷ், அப்பாராவ், தனராஜ், அகமது கான், சாலே. ஐவரும் தென்னாட்டவர்! அகமது கான் பெங்களூர்க்காரர். சாலே கேரளத்துக் கோட்டயத்தார். அப்பாராவ் ஆந்திரர். கழகத்தை நடத்திய ஜோதிஷ் சந்திர குஹா, திறமையை வங்க எல்லைக்குள் மட்டும் தேடவில்லை. விந்தியத்துக்குத் தெற்கேயும் தேடினார். மதத்தின் பெயரால் வீடிழந்த மக்கள், முசுலிம் இளைஞரான அகமது கான் பந்தைத் தொடும்போதெல்லாம் எழுந்து நின்று ஆரவாரித்தார்கள். வங்கமொழி வீட்டுமொழியாக இல்லாத ஐவரைத் தம் வீட்டுப் பிள்ளைகளாகக் கொண்டார்கள்.

1949இல் லீக், ஐ.எஃப்.ஏ. கேடயம், பம்பாயின் ரோவர்ஸ் கோப்பை மூன்றும் ஒரே ஆண்டில் அவர்களுக்குக் கிடைத்தன. ஐ.எஃப்.ஏ. கேடயம் 1949, 1950, 1951 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து வந்தது. 1951, 1952 ஆகிய ஆண்டுகளில் தூரந்து கோப்பை வந்தது. 1953இல் சோவியத் நாட்டுக்குச் சென்று, மாஸ்கோவின் டார்ப்பிடோ குழுவோடு 3–3 எனச் சமன் செய்து திரும்பினர்.

வடபுலத்து ஏடுகள் அந்த ஐவருக்குப் 'பஞ்சபாண்டவர்' என்று பட்டம் சூட்டின. புராணத்தைத் தொடாமல் புகழத் தெரியாத நாடல்லவா இது! நமக்கு அந்த உவமை உடன்பாடன்று. பாரதத்து ஐவர் சூதாடித் தோற்றவர்கள். இந்த ஐவர் பந்தாடி வென்றவர்கள். அந்த ஐவர் பங்காளிகளோடு பகை முடித்தவர்கள். இந்த ஐவர் பகைவர் என்று கருதப்பட்டோர் பங்காளிகளே என்று காட்டியவர்கள். வரமும் சாபமும் இவர்களுக்குத் துணைக்கு வரவில்லை. நாள்தோறும் செய்த பயிற்சியே வந்தது.

புதுவைக்காரர் மறக்கக் கூடாத ஒரு நாளும் இவ்வரலாற்றில் உண்டு. 1948 ஜூலை 31இல், இலண்டன் ஒலிம்பிக்கில், விடுதலை பெற்ற இந்தியாவின் கால்பந்துக் குழு பிரான்சை எதிர்த்து ஆடியது. நாகர் இனத்து மருத்துவர் தாலிமெரன் ஆவோ அதன் தலைவர். ஆட்டக்காரருள் பலர் வெறுங்காலினர். நம்மூரில் பிரெஞ்சு ஆளுநர் கொலுவிருந்த காலம் அது! பெங்களூரின் சாரங்கபாணி ராமன் ஒரு கோல் அடித்துச் சமன் செய்தார். கிடைத்த இரு பெனால்டிகள் வீணாயின. பிரான்சு 2–1 என வென்றது. தோல்விதான், எனினும் பிரான்சு எளிதில் வெல்லவில்லை என்பதை உலகம் கண்டது.

வெறுங்காலைக் காவியமாக்கிப் பாடுவோர் இதையும் கேட்கட்டும். 1952இல் எல்சிங்கி ஒலிம்பிக்கில், குளிர் நாட்டு ஈரத்தரையில், நம் குழு யூகோசுலாவியாவிடம் 10–1 எனத் தோற்றது. அந்த ஒரு கோலையும் அடித்தவர் ஈஸ்ட் பெங்காலின் அகமது கானே. அதன்பின்தான் காலணி கட்டாயமாயிற்று. வெறுங்கால் வீரம் பாராட்டத்தக்கது. ஆனால் வழக்கம் என்பதற்காகவே அதை விடாமல் பிடித்துக்கொள்வது அறிவாகுமா? பழம்பெருமை பாதத்துக்குக் கதகதப்புத் தராது. மாற்றத்தை மறுப்பவன் பத்துக் கோல் வாங்கியபிறகுதான் கற்றுக்கொள்கிறான்!

புகழை மட்டும் எழுதி முடித்தால் இது வரலாறாகாது, வழிபாடாகிவிடும். அந்தக் கழகத்தின் நிழலையும் சொல்ல வேண்டும். 1975 செப்டம்பர் 30இல் ஐ.எஃப்.ஏ. கேடய இறுதியில் ஈஸ்ட் பெங்கால் மோகன்பாகானை 5–0 என வென்றது. அந்தத் தோல்வி தாளாமல் மோகன்பாகான் பற்றாளரான இளைஞர் ஒருவர் தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டார். மறுபிறவியில் சிறந்த மோகன்பாகான் ஆட்டக்காரனாகப் பிறந்து பழிதீர்ப்பேன் என்று எழுதி வைத்திருந்தார். தோழர்களே, இல்லாத மறுபிறவியை நம்பி, இருந்த ஒரே பிறவியை இழந்தார்! அவரை நாம் இகழவில்லை, நெஞ்சம் பதறுகிறோம். விளையாட்டு வெறியும் மூடநம்பிக்கையும் கைகோத்தால் என்ன விளையும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

ஐந்தாண்டு கழித்து, 1980 ஆகஸ்டு 16இல், ஈடன் தோட்ட மைதானத்தில் இரு கழகங்களும் மோதின. களத்தில் மூண்ட பூசல் பார்வையாளர் மாடத்துக்குப் பரவியது. கற்கள் பறந்தன, கூட்டம் நெருக்கியடித்து ஓடியது. 16 பேர் மாண்டனர். ஆகஸ்டு 16! 1962இல் புதுவை சட்டப்படி இந்தியாவோடு இணைந்த நாள் என்று நாம் ஆண்டுதோறும் கொடியேற்றும் நாள். அதே நாளில் கல்கத்தாவில் அந்தப் பதினாறு பேரை நினைத்து இளைஞர்கள் குருதிக்கொடை அளிக்கிறார்கள். சிந்திய குருதிக்குக் கழுவாய் யாகமன்று. பிறர் உயிர் காக்கக் கொடுக்கும் குருதியே என்று அவர்கள் கண்டுகொண்டது நன்று.

1920இல் தன்மானத்துக்காகப் பிறந்த கழகம், 1980இல் தன்வெறிக்கு ஏன் இடங்கொடுத்தது? தன்மானம் என்பது, நான் எவனுக்கும் தாழ்ந்தவனல்லன் என்பது. வெறி என்பது, எல்லாரும் எனக்குத் தாழ்ந்தவர் என்பது. இரண்டும் ஒரே சட்டையை அணிந்து வரும். ஒரே முழக்கத்தை முழங்கும். தொலைவிலிருந்து பார்ப்போர்க்கு வேறுபாடு தெரியாது. இயக்கங்களில் உழைக்கும் இளைஞர் நாள்தோறும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி, என்னிடம் இருப்பது எது என்பதே.

பிற்கால வரலாறு சுருக்கமானது. 1970 முதல் 1975 வரை தொடர்ந்து ஆறு முறை லீக் வாகை. 2003 ஜூலையில் சகார்த்தாவில் நடந்த ஆசியான் கழகக் கோப்பை இறுதியில் தாய்லாந்தின் பெக் டெரோ சாசனா குழுவை 3–1 என வென்றது. பிறகு பணம் விளையாட்டை ஆளத் தொடங்கியது. முதலீட்டாளர் வந்தனர், போயினர். 2020இல் இந்தியன் சூப்பர் லீக்கில் சேர்ந்தபின், அடுத்தடுத்த ஆண்டுகளில் கடைசி வரிசைகளில் கிடந்தது. 2024 சனவரியில் ஒடிசா குழுவை 3–2 என வென்று சூப்பர் கோப்பையைப் பெற்றபோதுதான் நெடுநாள் பசி ஓரளவு தீர்ந்தது.

ஆனால் நமக்கு அதைவிட இனிக்கும் செய்தி வேறொன்று. 2024–25ஆம் ஆண்டின் இந்திய மகளிர் லீக்கை ஈஸ்ட் பெங்காலின் பெண்கள் குழு வென்றது. அதே லீக்கை 2019இல் மதுரையின் சேது கழகத்துப் பெண்கள் வென்றதையும் இங்கே பெருமையோடு நினைக்கிறோம். பாங்கால் என்று ஒதுக்கப்பட்டவனுக்காகத் தொடங்கிய கழகத்தில், பெண் என்று ஒதுக்கப்பட்டவள் வாகை சூடியிருக்கிறாள். அந்தப் பந்தத்தின் வெளிச்சம் அடுப்பங்கரை வரை எட்ட நூறாண்டுக்கு மேல் ஆயிற்று. வெளிச்சத்தின் வேகம் மிகுதி என்பது அறிவியல்; நம் நாட்டில் அது சமையலறைக்குள் நுழைய மட்டும் ஏனோ காலம் பிடிக்கிறது!

இனி, நம் கதைக்கு வருவோம். சைலேஷ் போசுக்கு ஒரு சுரேஷ் சந்திர சவுத்திரி இருந்தார். மணிதாசுக்கு ஒரு சர்வாதிகாரி இருந்தார். நம் குப்பத்துப் பையனுக்கு யார் இருந்தார்? அந்த அறையில் நாம் இருந்தோம். ஆனால் இருந்தும் இல்லாதவராக இருந்தோம். கோடு போட்ட கை ஒன்று. அதைப் பார்த்துக்கொண்டிருந்த கண்கள் பல. அநீதியை நிகழ்த்துவோர் எப்போதும் சிலரே. அதை நிலைநிறுத்துவது, நம்மைப் போல் பேசாதிருக்கும் பலரே.

பட்டியலில் பெயர் இல்லை என்று அறிந்த அன்று மாலையும் அந்தப் பையன் உப்பளம் பக்கம் வந்தான். வேலியோரம் நின்று, வெளியே வந்து விழுந்த பந்துகளை எடுத்து எறிந்துகொண்டிருந்தான். கோபமாகக்கூடப் பார்க்கவில்லை. அவனுக்கு இது பழகிப்போயிருந்தது. பதினைந்து வயதில் ஒருவனுக்கு இழிவு பழகிப்போவதுதான், தோழர்களே, நம்மைத் தூங்கவிடாத செய்தி.

இந்த ஆண்டும் பட்டியல் எழுத அமர்ந்தோம். அதே அறை, அதே மேசை, ஏறத்தாழ அதே மனிதர்கள். அவன் பெயர் வந்தது. "எந்தத் தெரு?" என்னும் கேள்வி எழுமுன், நாம் முந்திக்கொண்டு, "அவன் ஆட்டத்தைப் பார்த்தவர் யார் யார்?" என்று கேட்டோம். சிறிது நேரம் அமைதி. பார்த்தவர்கள் கையுயர்த்தினார்கள். பார்த்தவர் எவராலும் அவன் ஆடத் தகுதியற்றவன் என்று சொல்ல முடியவில்லை. பெயர் நின்றது, கோடு விழவில்லை.

இது பெரிய புரட்சியன்று, நாம் அறிவோம். ஒரு பள்ளி, ஒரு பட்டியல், ஒரு பெயர். ஆனால் கல்கத்தாவில் அன்று நீக்கப்பட்டதும் ஒரே ஒரு பெயர்தானே! உங்கள் ஊரிலும் எங்கோ ஓர் அறையில் ஒரு பட்டியல் எழுதப்பட்டுக்கொண்டிருக்கும். அது விளையாட்டுக் குழுவாக இருக்கலாம், வேலைக்கான தேர்வாக இருக்கலாம், வாடகை வீட்டுப் பேச்சாகவும் இருக்கலாம். அந்த அறையில் நீங்கள் இருப்பீர்கள். யாரோ ஒருவர், "எந்தத் தெரு?" என்று கேட்பார். அப்போது வாய் திறவுங்கள்.